பழைய நோட்டு என்ன விலை?



நம்ம விழா மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேணும்னு மலர்க்குழுவில் கேட்டாங்க. நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவ. எங்க குழுவுக்குப் பதினெட்டு வருஷமா கணக்கு எழுதுறேன். ராஜாக்கள் கட்டின கோட்டை, கோயில் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்காங்க. அந்த விவரமெல்லாம் அழியாமல் நம்ம காலம் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது, யார் கட்டிக் காப்பாத்தினாங்க என்பதை நான் எழுதுறேன்.

இதை இப்போ எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. நம்ம அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுது. பழைய அறையில் 4 டிரங்குப் பெட்டியும் 11 சாக்கு மூட்டையும் கிடக்கு. எல்லாம் குழுக்களோட பழைய தீர்மான நோட்டு, சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு. ‘கரையான் ஏறுது, தணிக்கையும் முடிஞ்சு போச்சு, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடலாம்’ என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. முடிவைப் பொதுக்குழுவுக்கு விட்டிருக்காங்க. கையைத் தூக்குறதுக்கு முன்னால் இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க.

போர்டு எழுதியவர் சேர்த்த நூலகம்

காரைக்குடியை ஒட்டி இருக்கிற கோட்டையூர் நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவர் தொழில். பெரிய பட்டம் வாங்கினவர் இல்லை. 1950 வாக்கில் பழைய புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். 1992-ல் இறக்கும் வரை நிறுத்தவில்லை.

புத்தகம் மட்டும்தான் சேர்த்தார் என்று நினைக்காதீங்க. பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் பரணில் போட்டு மறந்ததையும் எடுத்து வைத்தார். ‘பெரிய எழுத்து’ என்று அட்டையில் போட்டு, நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் அந்தக் காலத்தில் மலிவு விலையில் விற்கும். திருவிழாக் கடையில் வாங்கி, வீட்டில் யாராவது ஒருத்தர் ராகம் போட்டு வாசிக்க, எங்க அப்பத்தா அதைக் கேட்டு அழும். படித்த பெரியவர்கள் அந்தப் புத்தகங்களை மதிக்கவில்லை. மதிக்காததால் வீட்டுக்கு வீடு அடுப்புக்குப் போனது. அந்த மாதிரிப் புத்தகங்களும் தப்பிப் பிழைத்தது இவரைப் போன்றவர்களால்தான்.

அவர் இறந்தபோது ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று தொடங்கினார்கள். இன்றைக்குச் சென்னை தரமணியில் அது இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம சனம் என்ன படிச்சது, என்ன பாடினது, கல்யாணத்துக்கு எப்படி அழைச்சது என்று தெரிஞ்சுக்க உலகத்தின் பல மூலையிலிருந்து ஆராய்ச்சி செய்யறவங்க அங்கே வர்றாங்க. கோட்டையூரில் யாரோ குப்பை என்று தள்ளினதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வர்றாங்க.

நெருப்புக்கும் ஆற்றுக்கும் போனவை

அச்சு வருவதற்கு முன்னால் எல்லாமே பனை ஓலையில் இருந்தது. ஓலைக்கு ஆயுள் உண்டு. பூச்சி அரித்ததும் அதைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதணும். எழுத ஆள் இல்லாத வீட்டில் ஏடு மூட்டையாகக் கிடந்து மக்கும். ‘வீட்டில் வச்சு என்ன செய்ய’ என்று ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் விடுவதும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாமிக்குச் சமமான பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்கிற மரியாதையில் செய்தார்கள்.

உ.வே.சாமிநாதையர் 1855-ல் பிறந்து 1942 வரை வாழ்ந்தவர். ஏடு தேடி ஊர் ஊராகப் போனவர். சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். அந்த வேதனையை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அப்படித் தப்பிய ஏடுகளை வைத்துத்தான் 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக அச்சில் கொண்டுவந்தார். கண்ணகி கதை கூத்தாகவும் கதையாகவும் சனங்கள் வாயில் இருந்தது. இளங்கோவடிகள் பாடின காப்பியம் நம்ம பிள்ளைகளின் பாடப் புத்தகம் வரைக்கும் வந்ததுக்கு, யாரோ சில வீட்டுக்காரர்கள் பரண் மேல் இருந்த ஏட்டை எறியாமல் வச்சிருந்ததுதான் காரணம்.

கொங்கு நாட்டிலும் ஒருத்தர் இப்படி வீடு வீடாகப் போனார். ஈரோடு புலவர் செ. இராசு என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. கல்வெட்டு மட்டும் இல்லாமல், குடும்பங்களிலும் மடங்களிலும் பூட்டிக் கிடந்த செப்பேடு, ஓலைப் பட்டயம் எல்லாவற்றையும் படித்து அச்சிட்டார். எந்தச் சாதி எந்த ஊரில் என்ன உரிமை வைத்திருந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கு. தமிழகத் தொல்லியல் கழகம் என்று ஒரு அமைப்பு ‘ஆவணம்’ என்கிற இதழை நடத்துகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டு, நடுகல், ஓலை விவரமெல்லாம் அதில் வருது. அரசாங்கத்தின் வேலைக்குப் பக்கத்தில் இப்படி ஊர்க்காரர்கள் கூடிச் செய்த வேலையும் சேர்ந்துதான் நம்ம வரலாறு நிக்குது.

400 பெண்களின் கதவு எண்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நம்ம குழுக்களில் பலர் சுற்றுலா போயிருக்கோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம், நந்தியைச் சுத்தி வந்தோம். அந்தச் சுவரில் ஒரு பதிவேடு இருக்கிறதை நமக்கு யாரும் காட்டலை.

சுமார் 1000 வருஷத்துக்கு முன்னால், ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களில் இருந்த 400 ஆடல் பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடிவைத்தான். அவர்களுடைய பெயர், முன்னே இருந்த கோயில், தஞ்சாவூரில் எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்று வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கு. வரிசையில் முதல் வீட்டில் இருந்தவள் திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்கு என்பதற்கும் விதி போட்டிருக்கு.

பெயர், கதவு எண், பங்கு. நம்ம சேமிப்புப் பதிவேடு மாதிரியே இல்லையா? ஆனால் ஒன்றைக் கவனிங்க. எழுதச் சொன்னது ராஜா. வெட்டினது கல்தச்சர். சேரமங்கை சொந்த ஊரை விட்டு வரும்போது அழுதாளா, சந்தோஷப்பட்டாளா, நெல் ஒழுங்கா வந்துச்சா என்று அவ வாயால் சொன்ன ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

அதே தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகம் இருக்கு. நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகியது. 1918-ல் பொது நூலகம் ஆனது. பெரிய பெரிய சாத்திர ஏடுகளோடு அரண்மனைக் கணக்குக் கட்டுகளும் அங்கே உண்டு. மராட்டிக் கணக்கர்கள் ‘மோடி’ என்கிற எழுத்தில் வேகமாகக் கிறுக்கி வைத்த கணக்கு. அந்தக் காலத்து விலைவாசி, கூலி, செலவு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் இன்றைக்கு எடுக்கிறார்கள். சரபோஜி அரண்மனைச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்று அச்சில் வந்திருக்கு. கணக்கும் சமையலும் வரலாறா என்று அன்றைக்கு யாராவது கேட்டுத் தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு இது எதுவுமே இல்லை.

ஊர் கூடி வளர்த்தது

நூலகம் என்றால் ராஜா கட்டணும், சர்க்கார் கட்டணும் என்று இல்லை. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் முன்னின்று மதுரையில் தமிழ்ச் சங்கம் ஏற்படுத்தினார். நூலகம், பள்ளி, ‘செந்தமிழ்’ என்கிற பத்திரிகை மூன்றும் அதிலிருந்து கிளம்பின. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் அவரோடு சேர்ந்தவர்களும் வாதாடி வாதாடித்தான் 1948-ல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. இன்றைக்கும் நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்ந்துதான் இருக்கு. ரசீதை எடுத்துப் பாருங்க. நூலகத்துக்குள் கால் வைக்காதவளும் அதுக்குப் பணம் கட்டியிருக்கா. அப்போ அது நம்ம இடமும்தான்.

ஒரு நூலகத்தை எப்படி வளர்க்கலாம், எப்படி இழக்கலாம் என்கிற இரண்டு பாடமும் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இருக்கு. 1933-ல் செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்துத் தொடங்கினார். சனங்கள் பணமும் புத்தகமும் கொடுத்தார்கள். அது யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச் சுவடிகளும் அதில் போயின. வேறெங்கும் படி இல்லாத நூல் எரிந்தால் எந்தப் பணம் கொடுத்தும் திரும்பி வராது.

கட்டடத்தைப் பிறகு எழுப்பினார்கள். 2005-ல் இலங்கைத் தமிழர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, நூல்களையும் பத்திரிகைகளையும் கணினியில் படமாக ஏற்றி வைக்கிறார்கள். ஒன்று அழிந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்கிற ஏற்பாடு. ஒரே பிரதியை ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பதை அவர்கள் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நாம் படாமலே தெரிஞ்சுக்கலாம்.

நம்ம சாக்குக்குள்ள என்ன இருக்கு?

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம்.

சுய உதவிக் குழுவின் வரலாறு என்று அரசு அறிக்கையில் இப்படி இருக்கும்: 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. எல்லாம் சரிதான். அதில் எண்ணிக்கை இருக்கும், தொகை இருக்கும். குழுவில் உட்கார்ந்து நாம் என்ன பேசினோம் என்பது இருக்காது. அது அந்தச் சாக்கு மூட்டைக்குள் மட்டும்தான் இருக்கு.

எங்க குழுவோட முதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 16 உறுப்பினர். அதில் 11 கைநாட்டு. நாலாவது மாசம் கைநாட்டு 9. ஒரு வருஷம் கழிச்சு 3. பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்து, பெண்கள் எழுத்தும் சைக்கிளும் ஒண்ணாக் கத்துக்கிட்டதை எல்லாரும் புகழ்ந்து எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ப் பெண்கள் எந்த மாசம், எந்தத் தேதியில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டாங்க என்பதுக்கு இந்த நோட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஒரு அக்கா தன் பெயரை மூணு மாசமா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கு. முதல் மாசம் இரண்டு எழுத்தோட நின்னிருக்கு. மீதி இடத்தில் ரேகை.

தீர்மானங்களைப் பாருங்க. ‘பெருமாள் கோயில் தெருக் குழாயில் தண்ணீர் வராதது குறித்து ஊராட்சிக்கு மனு.’ ‘பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாராயம் விற்பதை நிறுத்தப் போலீஸ் நிலையம் போவது.’ ‘வராத உறுப்பினருக்கு அபராதம் 2 ரூபாய்.’ ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் 600 ரூபாய். இன்றைக்கு ஆட்டுக்குட்டி என்ன விலை? விலைவாசி ஏறின கதையும், ஊருக்குத் தண்ணீர் வந்த கதையும் அந்த நோட்டில் இருக்கு. தஞ்சாவூர் மோடிக் கணக்குக்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. இன்னொன்றும் உண்டு. சேரமங்கையோட கணக்கை வேறு யாரோ எழுதினாங்க. இதை நாமே எழுதினோம்.

ஒரு அக்கா கேட்ட கேள்வி

செயற்குழுவில் நான் இதைச் சொன்னபோது ஒரு அக்கா எழுந்து கேட்டது:

“எல்லாம் சரித்தா. கடன் நோட்டில் காரணம் எழுதியிருக்கே, அதை என்ன செய்வ? புருஷன் குடிச்சு வச்ச கடனை அடைக்க, மக நகையை மீட்க, ஆஸ்பத்திரிச் செலவுன்னு எல்லாம் இருக்கு. எம் மக இப்போ நல்ல எடத்துல வாக்கப்பட்டு இருக்கா. அவ மாமியா வீட்டுக்காரக யாராச்சும் எடுத்துப் படிச்சா?”

அந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ள முடியாது. வரலாறு வேணும் என்பதுக்காக ஒருத்தியோட மானத்தைச் சந்தியில் வைக்க முடியாது. குழுவில் பேசினது குழுவுக்குள் இருக்கணும் என்று சொல்லித்தானே அன்றைக்கு எல்லாரும் மனசு விட்டுப் பேசினோம்.

ஆனால் எரிக்கிறதும் எடைக்குப் போடுறதும் அதுக்கு வழி இல்லை. எடைக்குப் போட்டால் அந்தத் தாள் எங்கே போகும்? பொட்டலம் கட்டத்தான் போகும். கடலை வாங்குறவன் கையில் நம்ம கடன் காரணம் விரியும். பூட்டி வைக்கிறதுதான் பாதுகாப்பு. ஆவணக் காப்பகங்களிலும் சில கட்டுகளை இத்தனை வருஷம் கழிச்சுத்தான் திறக்கணும் என்று நிபந்தனை போட்டு வைக்கிற வழக்கம் உண்டு. நாமும் அப்படிச் செய்யலாம்.

பொதுக்குழுவுக்கு என் கோரிக்கை

ஒன்று: எந்தக் குழுவோட தீர்மான நோட்டும் எடைக்குப் போகக் கூடாது. புதுக் கட்டடத்தில் ஒரு இரும்பு அலமாரி இதுக்கு என்று ஒதுக்கணும்.

இரண்டு: தீர்மான நோட்டு தனி, கடன் பதிவேடு தனி. தீர்மான நோட்டை உறுப்பினர் யாரும் கேட்டுப் படிக்கலாம். கடன் பதிவேட்டை 30 வருஷத்துக்குப் பூட்டி வைக்கணும். சாவி இரண்டு பேரிடம் இருக்கணும். தன் பக்கத்தைப் பார்க்கிற உரிமை அந்த உறுப்பினருக்கு மட்டும்.

மூன்று: தீர்மான நோட்டுகளைப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து, இரண்டு இடத்தில் வைக்கணும். ஒன்று நம்ம அலுவலகம். இன்னொன்று எங்கே என்று பொதுக்குழு சொல்லட்டும். கல்லூரி போகிற நம்ம பெண் பிள்ளைகள் லீவில் இதைச் செய்து கொடுப்பாங்க. கடன் பதிவேட்டைப் படம் எடுக்கவே கூடாது.

நான்கு: ஒவ்வொரு குழுவிலும் முதல் நாளிலிருந்து இருக்கிற மூத்த உறுப்பினர் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, போனில் பதிவு செய்யணும். நோட்டில் எழுதாமல் விட்டது அவங்க ஞாபகத்தில்தான் இருக்கு. போன வருஷம் மட்டும் அப்படி இரண்டு பேரை நாம் இழந்துட்டோம்.

நோட்டைப் பாதுகாக்கிறதுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. துருப்பிடிச்ச குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்கி எடுத்துட்டு நூலால் கட்டுங்க. கிழிஞ்ச பக்கத்தில் செலோ டேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் போடாதீங்க. பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காடாத் துணியில் சுத்துங்க. ஈரமான நோட்டை வெயிலில் போடாமல் நிழலில் விரிச்சுக் காய வைங்க. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வைங்க. சரசுவதி மகாலில் ஏடுகளுக்கு நடுவே வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் பொடித்துத் துணிப் பொட்டலமாக வைக்கிற பழக்கம் உண்டு. அத்தனையும் நம்ம அஞ்சறைப் பெட்டியிலும் பிள்ளை மருந்து டப்பாவிலும் இருக்கிற சாமான்தான்.

பழைய பேப்பர் கடைக்காரர் வந்து தராசு போட்டுப் பார்த்துட்டு ஒரு விலை சொன்னார். மொத்தமும் சேர்த்து ஒரு டீச் செலவுக்கும் கொஞ்சம் பூந்திக்கும் காணும். 11 பேர் ரேகையும், அவங்க கையெழுத்தாக மாறின அந்த ஒரு வருஷமும் அந்த எடைக்குள் இருக்கு. பொதுக்குழு அன்றைக்கு எல்லாரும் தவறாமல் வாங்க. இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றி, வழக்கம் போல நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.